கொப்பியில் எழுதிய கடன்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல், ஒருவர் மற்றவருக்குத் திருப்பித் தரவேண்டிய பணத்தையும், ஒருவர் செய்தே ஆகவேண்டிய கடமையையும் ஒருசேரக் குறிக்கிறது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் என்னும் ஐவருக்கும் உரிய வேலையை வகுத்துச் சொல்லும்போது ஆளும் சொல் இதுவே. இன்றைய பலசரக்குக் கடையின் சுவரில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று தொங்கும் அட்டையில் இருக்கும் சொல்லும் இதுவே. அந்த அட்டை கடன் கேட்க வருபவரைத் தடுப்பதற்காக எழுதப்பட்டதாயினும், தன்னை அறியாமலே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது. முறிவதற்கு அங்கே அன்பு என்று ஒன்று ஏற்கெனவே இருந்தாக வேண்டும். விலையைக் கொடுத்துப் பொருளைப் பெற்றபின் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே எதுவும் எஞ்சுமா, எஞ்சுமாயின் அது சுமையா உறவா, யாருக்கும் எதுவும் தரவேண்டியிராத மனிதர் விடுதலை பெற்றவரா தனித்துவிடப்பட்டவரா என்னும் வினாக்கள் சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாகக் கேட்டு வருபவை. இணையவழி வணிகம் அவ்வினாக்களை மண்டபங்களிலிருந்து இறக்கி ஊர்க்கடையின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளிக்குச் செல்லும் வீதியில் உப்புவெளியைக் கடந்தபின் வரும் சாம்பல்தீவு, பெயரில் தீவாக இருந்தாலும், கடலுக்கும் களப்புக்கும் அருகே கிடக்கும் நிலப்பகுதியே ஆகும். அந்த வீதியோரக் கரையூர்களின் பொருளியலை விளங்கிக்கொள்ள நாட்காட்டியைவிடக் காற்றைப் பார்ப்பது நல்லது. கிழக்குக் கரையில் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மீன்பிடி நடக்கும், கரைவலை இழுக்கப்படும், நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளால் விடுதிகளிலும் முச்சக்கரவண்டிகளிலும் வேலை கிடைக்கும். ஐப்பசியின் பிற்பகுதியில் மாரி இறங்கி, வாடைக்காற்று வலுத்துக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால், தை வரை இந்த இரண்டு வருமானங்களும் ஒன்றாகவே சுருங்கிவிடும். வயிறு மட்டும் பருவம் பார்ப்பதில்லை. வருமானம் ஆறு மாதத்திலும் செலவு பன்னிரண்டு மாதத்திலும் நிகழும் ஓர் ஊரில், அந்த இடைவெளியை நிரப்பிவந்த கருவி வங்கியன்று. கடைக்காரரின் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒற்றைக்கோட்டுக் கொப்பி.

அந்தக் கொப்பியின் அமைப்பு எளியது. குடும்பத்துக்கு ஒரு பக்கம், பக்கத்தின் தலையில் பெயர், பெரும்பாலும் முழுப்பெயர் அன்று, வீட்டை அடையாளம் காட்டும் அழைப்புப் பெயர், அதன் கீழே திகதி, சீனி அரைக் கிலோ, பருப்பு கால் கிலோ, பாண் ஒன்று, சவுக்காரம், பால்மாப் பைக்கற்று என்று இறங்கும் வரிசை, வலப்பக்கம் தொகை, கொஞ்சம் காசு கொடுத்த நாளில் குறுக்கே ஒரு கோடும் ‘வரவு’ என்னும் சொல்லும். சில வீட்டார் தங்களிடமும் ஒரு சிறு கொப்பி வைத்திருப்பார்கள். பொருள் வாங்க வரும் சிறுபிள்ளை அதைக் கையோடு கொண்டுவர, இரண்டிலும் ஒரே தொகை எழுதப்படும். கையொப்பம் கிடையாது, பிணை கிடையாது, வட்டி என்ற பெயரில் எதுவும் கிடையாது. இவ்வளவு பலவீனமான ஆவணம் இவ்வளவு காலம் வேலை செய்தது எப்படி என்பதற்கு ‘நாணயம்’ என்னும் இன்னொரு தமிழ்ச்சொல் விடை தருகிறது. காசையும் சொன்ன சொல் தவறாமையையும் ஒரே பெயரால் அழைக்கும் மொழியில், காசு இல்லாத மாதத்திலும் ஒருவர் நாணயத்தோடு இருக்க முடிகிறது.

இதற்கு நேர்மாறான ஒழுங்கில் இயங்குவது இணையவழி வணிகம். இலங்கையில் மின்னணு வடிவிலான ஒப்பந்தங்களுக்குச் சட்டத் தகுதி அளித்தது 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு நடவடிக்கைகள் சட்டம். ஆயினும் சாதாரணக் குடும்பங்கள் கைபேசியில் பொருள் வாங்கும் பழக்கம், கேமு என்னும் தளம் 2016இல் தராசு (Daraz) என்னும் தளத்துடன் இணைந்து, தராசு 2018இல் சீனாவின் அலிபாபா நிறுவனத்தின் கைக்கு மாறிய பின்னரே பரவலாயிற்று. (பொருளை நிறுக்காத ஒரு கடைக்குத் தமிழ்ச் செவியில் ‘தராசு’ என்று ஒலிக்கும் பெயர் வாய்த்தது மொழியின் குறும்பு.) கடன் அட்டை பலரிடமும் இல்லாத நாட்டில் இவ்வணிகம் வேரூன்றியதற்குப் பெருங்காரணம், பொதி வாசலுக்கு வந்தபின் காசு கொடுத்தால் போதும் என்னும் முறையாகும். பொதியைக் கொண்டுவரும் இளைஞர் பாலத்தடியிலோ கோயிலடியிலோ மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தொலைபேசியில் வழி கேட்கிறார், படலையில் காசு கை மாறுகிறது, பொதி கை மாறுகிறது, வண்டி திரும்புகிறது. அந்தக் கணத்தோடு எல்லாம் தீர்ந்துவிடுகிறது. யாரும் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை.

இந்தத் தீர்வை இழிவாகப் பேசுவது எளிது. ஆனால் சமய நூல்களும் மெய்யியலாரும் அதைப் பெரும்பேறாகவே கண்ட இடங்கள் உண்டு. அங்குத்தர நிகாயம் என்னும் பௌத்த நூல்தொகுதியில், புத்தர் அனாதபிண்டிகர் என்னும் செல்வந்தருக்கு இல்லறத்தார் அடையத்தக்க இன்பங்கள் நான்கைச் சொல்லும் இடத்தில், கடனின்மை அவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. கேட்டவர் துறவி அல்லர், வணிகர் என்பது கவனிக்கத்தக்கது. ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1900இல் வெளியிட்ட ‘பணத்தின் மெய்யியல்’ என்னும் நூல், ஆண்டைக்குக் கோழியும் தேனுமாகத் திறை செலுத்திய குடியானவன் அதையே பணமாகச் செலுத்தத் தொடங்கியபோது அவன் வாழ்க்கையில் ஒரு வாசல் திறந்தது என்று காட்டுகிறது. கோழியாகக் கொடுக்க வேண்டியவன் கோழி வளர்த்தே ஆகவேண்டும், பணமாகக் கொடுப்பவனோ அதை எவ்வாறு ஈட்டுவது என்பதைத் தானே தீர்மானிக்கலாம். பணம் மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கிறது என்னும் குற்றச்சாட்டும், பணம் மனிதரை மனிதரின் பிடியிலிருந்து விடுவிக்கிறது என்னும் பாராட்டும் ஒரே செய்தியின் இரண்டு பக்கங்கள் என்பதே சிம்மலின் நுட்பம்.

ஊர்க்கடையின் பிடி எத்தகையது என்பதை அதன் பெருமை பேசுவோர் பொதுவாகச் சொல்வதில்லை. கொப்பியில் பக்கம் உள்ள குடும்பம் வேறு கடையில் காசுக்கு வாங்கினால் அது துரோகமாகக் கருதப்படும். ஆகவே கடன் வாங்கியவருக்கு விலை பேசும் உரிமை இல்லை, எடை குறைந்தாலும் வாய் திறக்க இயலாது. பாக்கி நீண்டால், கடையில் நாலுபேர் நிற்கும் நேரம் பார்த்துத் தொகை உரக்க வாசிக்கப்படும். தந்தை வாங்கிய கடனுக்காக மகள் முகம் கொடுக்க நேர்கிறது. பெரியவர்கள் போக வெட்கி, அவமானத்தை அறியாத வயதில் உள்ள பிள்ளையை அனுப்புகிறார்கள். எந்த வீட்டில் என்ன தீர்ந்தது, எவர் என்ன மருந்து தேடுகிறார், யார் புகைக்கத் தொடங்கினார் என்பதெல்லாம் மேசையடியில் தெரிந்துவிடுகிறது. மாதவிலக்கு அணையாடையைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, ஆண்கள் கலைந்துபோகும் வரை காத்து நின்று பெற்றுவந்த ஒரு பெண்ணுக்கு, பெயர் மட்டும் ஒட்டிய பழுப்புநிறப் பொதி வாசலுக்கு வருவது வெறும் வசதி அன்று, அது மானம். ஊரின் கண்ணிலிருந்து தப்புவதும் விடுதலையின் ஒரு வகை. அதை ஒதுக்கிவிட்டு ஊர்க்கடையைப் போற்றும் எழுத்து, கொப்பியில் பெயர் இல்லாதவர்கள் எழுதும் எழுத்தாகவே இருக்கும்.

அப்படியானால் கடன் என்பது விரைவில் அறுக்கவேண்டிய கட்டு மட்டும்தானா? இங்கே மொழிகள் தம்முள் வேறுபடுகின்றன. 1887இல் வெளியான தம் ‘ஒழுக்கத்தின் மரபுவழி’ ஆராய்ச்சியில் மெய்யியலாளர் நீட்சே, ஜெர்மன் மொழியில் குற்றத்தையும் கடனையும் குறிக்கும் சொற்கள் ஒரே வேரின என்பதைச் சுட்டி, மனிதரின் குற்றவுணர்வே கடன் கொடுத்தவனுக்கும் கடன்பட்டவனுக்கும் இடையிலான பழைய உறவிலிருந்து பிறந்தது என்று வாதிட்டார். தமிழில் கடன் குற்றத்தின் பக்கம் சாயவில்லை, கடமையின் பக்கம் சாய்ந்தது. இந்தச் சாய்வின் உச்சத்தைத் திருநாவுக்கரசரின் கடம்பூர்த் திருக்குறுந்தொகையில் காணலாம். அங்கே அவர் தம் கடன் பணிசெய்தல் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. தம்மைத் தாங்குவது இறைவனின் கடன் என்றும் சேர்த்தே சொல்கிறார். மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அடியாரின் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டு, இறைவனின் பாதியை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே கடன் கொடுத்தவர், கடன்பட்டவர் என்னும் இரண்டு தரப்புகள் இல்லை, இருவருமே கடனாளிகள். அந்தக் கடன் ஒருநாளும் தீர்வதுமில்லை, தீர்ந்துவிட வேண்டும் என்று எவரும் விரும்புவதுமில்லை.

தீராத கடனுக்குச் சைவ மரபு ஒரு தராசையும் காட்டுகிறது. பெரியபுராணம் கூறும் அமர்நீதி நாயனார் பழையாறையில் பிறந்த வணிகர். பொன்னும் துணியும் விற்றவர். திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்க்குக் கோவணம் அளித்துவந்தவர். தண்டில் இரண்டு கோவணங்களும் திருநீற்றுப் பையும் கட்டிவந்த பிரமசாரி ஒருவர், கோவணம் ஒன்றை அவரிடம் அடைக்கலமாகக் கொடுத்துச் செல்கிறார். அது காணாமற் போகிறது. திரும்பிவந்தவர், தண்டில் எஞ்சியுள்ள கோவணத்துக்கு நிறையொத்த ஒன்றைத் தந்தால் போதும் என்கிறார். வணிகருக்கு இதைவிட நியாயமான தீர்ப்பு வேறில்லை. ஆனால் தட்டில் துணிப்பொதிகளை அடுக்கினாலும், பொன்னைக் குவித்தாலும் முள் நேராவதில்லை. இறுதியில் மனைவியோடும் மகனோடும் நாயனார் தாமே தட்டில் ஏறியபோதுதான் தராசு சமனாகிறது. இக்கதையை அடியார் பெருமை என்று மட்டும் படிப்பது வழக்கம். வணிகத்தின் மெய்யியலாகப் படித்தால் அது வேறொன்றையும் சொல்கிறது: நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு விலையால் ஈடு கிடையாது, அதை ஏற்ற ஆள்தான் ஈடு. இணையத் தளம் தொலைந்த பொதிக்குப் பணத்தைத் திருப்பித் தரும். அது நேர்மையே. ஆனால் தட்டில் ஏறுவதற்கு அங்கே ஆள் இல்லை.

நிலாவெளி வீதியில் தமிழரோடு முஸ்லிம் மக்களும் வாழ்வதால், அவர்களின் மறைநூல் இதுபற்றிச் சொல்வதை விட்டுவிட்டு இந்தப் பொருளைப் பேச முடியாது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் சொர்க்கத்தைப் பற்றியதோ இறைவனின் பண்புகளைப் பற்றியதோ அன்று; கடனை எழுதிவைப்பது பற்றியது. இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனமான அது, சிறியதாயினும் பெரியதாயினும் தவணைக் கடனை நீதியோடு எழுதுமாறும் சாட்சி வைக்குமாறும் பணிக்கிறது. கைக்குக் கை உடனே முடிந்துபோகும் வணிகத்தை எழுதாமல் விட்டால் குற்றமில்லை என்று விலக்கும் அளிக்கிறது. படலையில் காசு கொடுத்துப் பொதி வாங்குவது இந்த விலக்கினுள் அடங்கும். கடைக்கொப்பி அந்தக் கட்டளையினுள் அடங்கும். ஆனால் இதற்கு இரண்டு வசனங்கள் முன்னால், கடன்பட்டவர் இடுக்கணில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கவும், விட்டுக்கொடுப்பது இன்னும் மேலானது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. எழுதச் சொல்லும் நூலே காத்திருக்கவும் சொல்கிறது. எழுதாத கடனை மன்னிக்க இயலாது, ஏனெனில் எவ்வளவு மன்னிக்கப்பட்டது என்பது இருவருக்கும் தெரியாது. மத்தேயு எழுதிய நற்செய்தியில் வரும் கர்த்தர் கற்பித்த செபம் பாவமன்னிப்பைக் கடன் தள்ளுபடியின் மொழியில் கேட்பதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம்.

காத்திருத்தல் என்பதில்தான் ஊர்க்கடைக்கும் இணையத் தளத்துக்கும் உள்ள வேறுபாடு மிகத் துலக்கமாகத் தெரிகிறது. இணையத் தளங்களின் பெருந்தள்ளுபடி விற்பனை நவம்பர் 11 அன்று தொடங்குகிறது. சீனாவில் மணமாகாதோர் நாளாகக் கொண்டாடப்பட்ட அந்தத் திகதியை அலிபாபா 2009இல் விற்பனைத் திருவிழாவாக்கியது. கிழக்குக் கரையில் அது ஐப்பசியின் கடைசி வாரங்களில் ஒன்று. வள்ளங்கள் கரையேற்றப்பட்டு, விடுதிகளில் ஆளில்லாமல், மழை கொட்டத் தொடங்கும் நேரத்தில் கைபேசித் திரையில் கடிகாரம் ஒன்று பின்னோக்கி ஓடி, இன்னும் இத்தனை மணி நேரமே என்கிறது. ஊர்க்கடையின் நாட்காட்டியோ, சோளகம் வீசி வலை கனக்கும் மாதத்தில் பாக்கி வரும் என்பதை அறிந்து, அதுவரை பக்கத்தை மூடாமல் வைத்திருக்கிறது. இணைய வணிகத்திலும் தவணை முறை வந்துவிட்டது. மூன்று பகுதிகளாகப் பிரித்து வட்டியின்றிச் செலுத்தும் திட்டங்கள் உள்ளன. ஆனால் அத்தவணைகள் திகதியை அறியும், காற்றை அறியா.

2022ஆம் ஆண்டு இந்த இரண்டு ஒழுங்குகளையும் ஒருசேரச் சோதித்தது. ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. நாடே ஒரு பெருங்கொப்பியில் பாக்கி வைத்த குடும்பமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தையும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தையும் தொட்டது. விலை இவ்வாறு ஏறும்போது கொப்பியில் எழுதிய ஒரு வரி மெய்யியல் சிக்கலாகிவிடுகிறது. மாசியில் ஒரு கிலோ சீனி கொடுத்து அன்றைய விலையை எழுதிய கடைக்காரர், ஆனியில் அதே தொகையைப் பெற்றால், அதைக் கொண்டு ஒரு கிலோ சீனியைத் திரும்ப வாங்கி அடுக்க முடியாது. ரூபாயில் எழுதினால் கடைக்காரர் இழக்கிறார். பொருளில் எழுதினால், கூலி ஏறாத வாங்குபவர் இழக்கிறார். வாங்கப்பட்டது சீனியா காசா என்பது நீதிநூல்கள் வாதிட்டுவந்த பழைய வினாதான். கொப்பியில் பொருளின் பெயரும் தொகையும் அருகருகே எழுதப்படுவதால், அந்த வினா இரண்டு பக்கமும் திறந்தே கிடக்கிறது. அதை முடித்துவைப்பது சட்டமன்று, இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசும் பேச்சு. அந்தப் பேச்சு பல இடங்களில் நல்லபடி முடிந்திருக்கும், பல இடங்களில் சண்டையாகி ஆண்டுகள் பழகிய பழக்கத்தை அறுத்திருக்கும். இணையத் தளத்தில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. விலை ஏறினால் திரையில் எண் மாறும், அவ்வளவே.

நினைவைப் பற்றியும் இங்கே எண்ணவேண்டியிருக்கிறது. ஈழத்துச் சைவக் கோயில்களில் சித்திரைப் பூரணையில் கஞ்சி வார்த்துச் சித்திரபுத்திரனார் கதை படிக்கும் வழக்கம் உண்டு. உயிர்களின் நல்வினை தீவினைகளை ஒன்றும் விடாமல் எழுதும் அந்தக் கணக்கரைப் பற்றிய அச்சம், கொப்பியில் எழுதாத கடனையும் திருப்பிக் கொடுக்க வைத்த ஆற்றல்களுள் ஒன்று. இன்று ஒன்றும் விடாமல் எழுதும் கணக்கர் வேறிடத்தில் அமர்ந்திருக்கிறார். எதைத் தேடினார், எதில் விரல் தயங்கியது, எந்த மணிக்கு வாங்கினார் என்பதெல்லாம் தளத்தின் ஏட்டில் ஏறுகின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதே இத்தகைய ஏடுகளுக்கு வரம்பு கட்டுவதற்காகத்தான். ஊர்க்கடையின் ஒட்டுக்கேட்கும் காதிலிருந்து தப்பியவர் இன்னும் கூர்மையான காதொன்றில் விழுந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒப்புமை முழுவதும் பொருந்தாது. கடைக்காரரின் நினைவு வம்பாகவும் வரும், கருணையாகவும் வரும். அவரால் மறந்ததுபோல் நடிக்க முடியும். செத்தவீடு நடந்த குடும்பத்தின் பக்கத்தை அந்த மாதம் புரட்டாமல் விடுவது அத்தகைய நடிப்பு. சித்திரபுத்திரனாரின் ஏட்டுக்கு அப்பால் அருள் என்று ஒன்றைச் சைவம் வைத்ததும், வினைக்கணக்கு மட்டுமே உலகை நடத்தினால் உயிர்க்கு மீட்சி இல்லை என்பதால்தான்.

கடன் எங்கே இருக்கிறது என்னும் வினாவை இந்தக் கரைக்கு 2004 டிசம்பர் 26 வேறொரு விதத்தில் கொண்டுவந்தது. திருகோணமலையின் வடகரையைத் தாக்கிய ஆழிப்பேரலை வீட்டையும் வள்ளத்தையும் கொண்டுபோகும்போது கொப்பிகளை விட்டுவைக்கக் காரணமில்லை. அதற்கு முன் 1985இலும் 1990இலும் மாவட்டத்தின் தமிழ்க் கிராமங்கள் பல இடம்பெயர்ந்தபோதும் அவ்வாறே. கொப்பி நனைந்து கரைந்தபின் கடன் உண்டா இல்லையா? எழுத்தில்தான் கடன் இருக்கிறது என்பவருக்கு அது அன்றோடு முடிந்தது. இருவர் மனத்தில் இருக்கிறது என்பவருக்கு, ஒருவர் இறந்தபின்னும் மற்றவரிடம் அது பாதியாக எஞ்சுகிறது. தகப்பன் பட்டதை மகன் கொடுக்க வருவது அந்தப் பாதியைக் கொண்டுதான்.

ஊர்க்கடை அழிந்துகொண்டிருக்கிறது என்று எழுதுவது இன்று ஒரு வாய்பாடாகிவிட்டது. நடப்பது அதைவிடச் சிக்கலானது. கடை பொருள் விற்கும் இடமாக மெலிந்து, கைபேசிக்கு ரீலோட் போடவும், மின்கட்டணம் செலுத்தவும், 2012இல் டயலொக் அறிமுகப்படுத்திய ஈசி கேஷ் போன்ற கைபேசிப் பணத்தைப் பெறவும் மக்கள் வரும் இடமாகப் பருக்கிறது. உடுப்பும் செருப்பும் கைபேசி உறையும் பொதியில் வருகின்றன. அரிசியும் பாணும் மண்ணெண்ணெயும் இன்னும் கடையில்தான். முகவரி என்பது வீட்டிலக்கமாக அன்றி இன்னாரின் கடைக்குப் பின்னால் இரண்டாவது ஒழுங்கை என்று இருக்கும் ஊரில், பொதி கொண்டுவருபவர் முதலில் வழி கேட்பதும் அந்தக் கடையில்தான். வீட்டில் ஆளில்லை என்றால் பொதி கடையிலேயே இறங்குகிறது. அதற்குரிய காசைக் கடைக்காரர் தம் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்து, வண்டி திரும்பியபின் கொப்பியைப் புரட்டி, சீனி அரைக் கிலோவுக்கும் பருப்பு கால் கிலோவுக்கும் கீழே, அடுத்த வரியில், ‘பார்சல்’ என்று எழுதி எதிரே தொகையைப் போடுகிறார்.